ரெண்டாவது ஜாமீன்

ஜாமீன் கிடைத்து ஏழு மாதம் ஆகியும் ஆகாஷ் ஜெயிலிலேயே இருந்தான்.

வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் "அதெப்படிங்க?" என்று வாயைப் பிளப்பார்கள். கோர்ட்டுக்கு எதிரே பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை போட்டிருக்கும் இந்தச் செவ்வந்தியிடம் கேட்கட்டும், நான் சொல்கிறேன். ஆளை வெளியே விடலாம் என்று கோர்ட்டு ஆர்டர் போடும். ஆனால் அவன் வாய்தாவுக்கு ஒழுங்காக வருவான் என்று இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். சும்மா போட்டால் செல்லாது. பட்டாவோ வீட்டு வரி ரசீதோ வேண்டும், அதுவும் கையெழுத்துப் போடுகிறவர் பெயரிலேயே வேண்டும். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டு, விடிந்தால் கூலிக்குப் போகிற காலனி சனம் பட்டாவுக்கு எங்கே போகும்? காசு இருக்கிறவன் காலையில் போய் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். இல்லாதவன் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான். இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது, பி.பி. மாத்திரை போட வேண்டியிருக்கும்.

ஆர்டர் வந்த அன்றைக்கு ஆகாஷின் அம்மா தைலம்மாள் ஒரு காரியம் செய்தாள். 'ஜாமீன் ஆயிரிச்சி' என்று யாரோ சொன்னதும், மகன் வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள். களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்து, தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஜெயில் வாசலுக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு பகல், மறுநாள் ஒரு பகல். வந்தவர்கள் எல்லாம் வேறு யார் வீட்டுப் பிள்ளைகளோ. குழம்பு கெட்டுப்போனதும் அங்கேயே கொட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போக மாட்டேன் என்றுவிட்டாள். அலைச்சல் எல்லாம் மருமகள் கலையரசி தலையில் விழுந்தது.

கலையரசிக்கு இருபத்திரண்டு வயது. ஆகாஷைப் பிடித்துக்கொண்டு போனபோது வயிற்றில் ஆறு மாதம். இப்போது இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. அப்பன் அதைக் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறான், தொட்டதில்லை.

அன்றைக்கு ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மரவள்ளி பிடுங்கிவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். இந்த வேலை எங்கள் பக்கத்தில் மழைக்கு மழை நடக்கும். ஆண்கள் கழியும் கயிறும் போட்டுத் தூரோடு நெம்பித் தருவார்கள். பெண்கள் கிழங்கை வெட்டி, மண்ணைத் தட்டி, மூட்டை பிடிப்பார்கள். சவ்வரிசி மில்லுக்கு லாரி கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும். அவள் விரல்களில் கிழங்குப் பால் பட்டு, மண் ஒட்டிக் கறுத்திருந்தது. நான் என் டிபன் பாக்ஸைத் திறந்து பாதிக் களியை மூடியில் வைத்து நீட்டினேன். முருங்கைக்கீரைக் குழம்பு. வாங்கி முதலில் குழந்தை வாயில் ஒரு துளி வைத்தாள்.

"அக்கா, நேத்து மனு போட்டு அவர பாத்தங்க்கா. ஒத்துக்கிறன்னு சொல்றாரு."

"இன்னாத்த ஒத்துக்கிறானாம்?"

"எல்லாத்தையும். நாலு கேசையும்."

நான் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தேன். "அவன் பண்ணது ஒன்னுதானேடி?"

"ஒன்னுதாங்க்கா. சடையன் ஐயாவோட போர் மோட்டார்ல கேபிள அறுத்தது மட்டுந்தான் அவரு. மீதி மூணு கேபிளும் யார் எடுத்தாங்களோ. ஆளு கிடைக்கலன்னு அவர் மேலயே எழுதிட்டாங்க. ஒத்துக்கினா, உள்ள இருந்த நாள கழிச்சிக்கினு வுட்டுடுவாங்களாம். வெசாலக்கிழம வாய்தாவுல சொல்லிடப் போறன்னு சொல்றாரு. பக்கத்துல படுக்கிறவன் சொல்லிக் குடுத்திருக்கான்."

"யாரு அந்தப் பெரிய வக்கீலு?"

"பைக்கு திருடறவனாம். ஏழாவது தடவையா உள்ள வந்திருக்கானாம். 'வெளிய போனா எங்கிட்ட வா, பூட்டு ஒடைக்க அர நிமிசம், நான் கத்துத் தரன்'னு தெனம் சொல்லிக்கினு இருக்கானாம். அதாங்க்கா பயமா இருக்குது. போகும்போது ஒரு கேபிளத் திருடிட்டுப் போனாரு. வரும்போது இன்னாவா வருவாரோ."

"உள்ள வேல கீல ஒன்னும் தர மாட்டானா?"

"தண்டன ஆனவங்களுக்குத்தான் தறி, பேக்கரின்னு வேலையாம். கேசு முடியாதவங்க சும்மா குந்திக்கினு இருக்கணுமாம். நாப்பது பேர் படுக்கற எடத்துல எம்பது பேரு. வெரல் இடுக்கெல்லாம் சொறிங்க்கா. நான் பாக்கக் கூடாதுன்னு கைய பின்னால கட்டிக்கினாரு. நான் பாத்துட்டன்."

நாலு கேசையும் ஒத்துக்கொண்டால் அவன் வெளியே வருவான்தான். ஆனால் நாலு திருட்டுக்குத் தண்டனை வாங்கியவனாக வருவான். அடுத்த தடவை எந்தக் கொல்லையில் கேபிள் காணாமல் போனாலும் ஜீப் நேராக அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். லாரியில் கிளீனர் வேலைகூட எவனும் தர மாட்டான். வியாழக்கிழமைக்குள் ரெண்டாவது ஜாமீன்காரர் கிடைத்தால் அவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். முதல் ஆள் இருந்தார். தைலம்மாளின் தம்பி வீரமுத்து, தன் தொகுப்பு வீட்டு ரசீதோடு எப்போது கூப்பிட்டாலும் வரத் தயாராக இருந்தார். ரெண்டாவது ஆளைத்தான் கலையரசி ஏழு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் மேற்கே கல்வராயன் மலை கறுத்தது. மலையில் கறுத்தால் அரை மணியில் எங்கள் டவுனில் கொட்டும். அன்றைக்குப் பத்து நிமிஷத்திலேயே வந்துவிட்டது. எக்ஸ்எல் வண்டியைத் தகரத்துக்குக் கீழே தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே ஓடி வந்தார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நிமிர்ந்தார். யாரென்று பார்த்தால் சடையன்.

எந்த போரில் ஆகாஷ் கேபிள் அறுத்தானோ அந்த போருக்குச் சொந்தக்காரர். அவர் கொடுத்த புகாரில்தான் அவன் உள்ளே இருக்கிறான்.

அவர் கலையரசியைப் பார்த்தார். அவள் மூடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். வெளியே ஓட முடியாத மழை. அவர் என் பக்கம் திரும்பி, அந்த இடத்தில் வேறு ஆளே இல்லாத மாதிரி பேசினார்.

"செவ்வந்தி, பயிர் காப்பீட்டுக்கு இந்தச் சிட்டாவ ஒரு காப்பி போடு."

"போட்டுட்டாப் போச்சு. கரண்ட்டு வரட்டும்ண்ணா. மழ புடிச்சா மொதல்ல நம்ம லைனதான் புடுங்குவான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாரல் கடைக்குள் அடித்தது. குழந்தை தும்மியது. அவர் எழுந்து நாற்காலியைக் காலால் உள்ளே தள்ளினார். "ஏம்மா, பச்சக் கொழந்தய வச்சிக்கினு சாரல்ல நிக்கற? உள்ள வந்து குந்து" என்றார், சிடுசிடுவென்று.

கலையரசி உட்காரவில்லை. குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஐயா, உங்க கேபிள எடுத்தது அவருதாங்க."

அடிப்பாவி, கேஸ் போட்டவரிடமே போய்ச் சொல்கிறாளே! கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"போன கார்த்திகையில மூணு பேர் குடிச்சிட்டு வந்து அறுத்தாங்க. மத்த ரெண்டு பேர் பெங்களூருக்கு ஓடிட்டாங்க. இவரு வூட்லயே படுத்து தூங்கினு இருந்தாரு, புடிச்சிட்டாங்க. செம்பு எடுக்க ஏரியில போட்டு ரப்பர எரிச்ச பொகை அவரு சட்டையில நாறுச்சி. எனக்கு அன்னிக்கே தெரியும். உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சன். பயம்."

சடையன் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு கத்தினார்.

"பதினோரு மாசமா உங்க காலனியில ஒருத்தனாவது இத என் மூஞ்சிக்கு நேரா சொன்னானா? 'அவன் இல்லிங்க, அவன் தங்கமான புள்ளைங்க'ன்னு எங்கிட்டயே வந்து சொல்றானுங்க. நான் இன்னா பைத்தியமா? மக்காச்சோளம் கதிர் புடிக்கிற நேரம். அந்த வருசம் பாத்து மழையும் கெடையாது. போலீசு வந்து பாக்கற வரைக்கும் எதையும் தொடாதன்னு சொல்லிட்டானுங்க. பத்து நாளு தண்ணி இல்ல. ரெண்டு ஏக்கரும் கண்ணு முன்னால சுருண்டு போச்சி. எம் பொண்டாட்டி கமலா வரப்புல குந்திக்கினு அழுதா."

"தெரியுங்க ஐயா. அந்த மக்காச்சோளத்துக்கு நாந்தாங்க ரெண்டு களை எடுத்தன். காஞ்ச அன்னிக்கு நானும் வந்து பாத்தன். கமலாம்மா என்னை வரப்புல ஏற வேணான்னுட்டாங்க. அவுங்க சொன்னது நாயந்தான்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

சடையன் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என்னிடம் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"சாட்சி சொல்ல வா வான்னு நாலு தடவ கூப்ட்டானுங்க செவ்வந்தி. நாலு தடவையும் 'இன்னிக்கு இல்ல, போயிட்டு வா'ன்னுட்டானுங்க. மூணாவது தடவ வரண்டாவுல அவன குந்த வச்சிருந்தாங்க. ஆளு பாதியா போயிட்டான். என்னைப் பாத்துட்டு தலைய குனிஞ்சிக்குவான்னு பாத்தன். இன்னா கேட்டான் தெரியுமா? 'ஐயா, கேபிள் மாத்திட்டீங்களா? மோட்டார் ஓடுதுங்களா?'ன்றான். எனக்கு வந்த ஆத்திரத்துல நாலு வார்த்த கெட்ட வார்த்தையில திட்டினன். அப்புறம் பஸ்ல வரும்போது ஒரு மாதிரி ஆயிரிச்சி. புடிச்ச அன்னிக்கே ரெண்டு அற வுட்டு, ஒரு போகம் என் நெலத்துல வேல செய்டான்னு சொல்லியிருந்தா தீந்திருக்கும். இப்டி வருசக் கணக்குல போட்டு வைப்பானுங்கன்னு எனக்கு எங்க தெரியும்?"

"ஜாமீன் ஆர்டர் வந்து ஏழு மாசம் ஆவுதுண்ணா" என்றேன் நான்.

"அப்புறம் ஏன் வெளிய வரல?"

இந்த மனுஷனுக்கும் தெரியவில்லை. கலையரசி சொன்னாள். ரெண்டாவது ஆள் இல்லை என்றாள். எங்கெங்கே போய்க் கேட்டாள் என்று சொன்னாள்.

"பாவாட அண்ணன் வரன்னாருங்க. பட்டா அவுங்க தாத்தா பேர்ல இருக்குது. தாத்தா செத்து முப்பது வருசமாம். மில்லுக்குப் பக்கத்து வூட்டுக்காரரு வந்தாரு. அவருது அஞ்சு பேர் சேந்த கூட்டுப் பட்டா, மத்த நாலு பேரும் கையெழுத்து போடணும்னுட்டாங்க. அதுல ஒருத்தர் துபாய்ல இருக்காரு. ரிஷிவந்தியத்துல எங்க அத்த வூட்டுக்காரரு பட்டாவுல பேர் தப்பா இருக்குதுங்க. ஊர்ல நெலம் இருக்கறவங்க எல்லாருக்கும் செத்துப்போனவங்க பேர்லதாங்க இருக்குது."

இதைக் கேட்டதும் சடையனுக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது. விஷயம் என்னவென்றால், தன் பங்கைத் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லி அண்ணன் தம்பிகளோடு ஏழு வருஷம் சண்டை போட்டவர் அவர். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் சர்வேயர் பின்னாலேயே சுற்றினார். ஊரே அவரைக் கரித்துக் கொட்டியது.

"நான் அன்னிக்கே தலப்பாடா அடிச்சிக்கினன்! உயிரோட இருக்கும்போதே பிரிச்சி எழுதுங்கடான்னு. 'குடும்பத்த ஒடைக்கிறான்'னானுங்க. இன்னிக்குப் பாரு, ஒரு லோன் வாங்க முடியல, காப்பீடு வாங்க முடியல, எல்லாம் பொணத்து பேர்ல. நம்ம ஊர்ல சொந்தப் பேர்ல தனிப் பட்டா வச்சிருக்கறவன் நான் ஒருத்தந்தான், தெரியுமா!"

என் வாய் சும்மா இருக்குமா? "அப்டின்னா ஊர்லயே ஜாமீன் போடறதுக்கு லாயக்கான ஆளு நீங்க ஒருத்தர்தான்னு சொல்லுங்கண்ணா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. சடையன் கையில் சிட்டாவோடு அப்படியே நின்றார். கலையரசி தரையைப் பார்த்தாள். மழை குறைந்து, தகரத்திலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. கரண்ட்டு வந்து மெஷின் உறுமியது. நான் சிட்டாவை வாங்கி வைத்து ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதை மடித்துப் பையில் வைத்தார். வண்டி வரைக்கும் போனார். சாவியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னொரு காப்பி போடு. ஆதாரும் ரெண்டு பக்கம் போடு."

அங்கேயே போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து கமலா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "இன்னாது? நம்ம கேபிள அறுத்தவனுக்கு நாமளே ஜாமீனா? ஊர் சிரிக்கும்யா!"

"சிரிக்கட்டுமே. நாம பட்டா பிரிக்கும்போதும்தான் சிரிச்சாங்க."

"அவன் ஓடிட்டா நம்ம நெலம் இன்னாவறது?"

"ஓட மாட்டான். வூட்லயே படுத்து தூங்கன பையன் அவன்."

அந்தப் பக்கம் சத்தம் இறங்கியது. பிறகு என்ன கேட்டாளோ, இவர் கலையரசியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா, இங்கதான் இருக்குது. பொம்பளப் புள்ள. தும்மிக்கினு கெடக்குது" என்றார்.

வியாழக்கிழமை கோர்ட்டில் நானும் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். இலவச வக்கீல் கண்ணகி, சின்னப் பெண், சடையனின் பேரைக் காகிதத்தில் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க நம்ம பக்கமா, எதிர்ப் பக்கமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மேஜிஸ்திரேட் அம்மாவும் கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வழக்கில் புகார் கொடுத்தவரும் நீங்கள்தானே?"

"ஆமாங்கம்மா."

"யாராவது மிரட்டினார்களா?"

"என்னையா? இல்லிங்கம்மா."

"அப்படியானால் இவர் திருடவில்லை என்கிறீர்களா?"

"திருடினாங்கம்மா. அதுல மாத்தம் இல்ல. என் கேபிள திருடினான். மத்த மூணு எனக்குத் தெரியாது."

கோர்ட்டே சிரித்தது. மேஜிஸ்திரேட் அம்மா சிரிக்கவில்லை. "பிறகு எதற்காக ஜாமீன் நிற்கிறீர்கள்?"

சடையன் துண்டைக் கையில் முறுக்கினார். வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தது எல்லாம் மறந்துபோனது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

"மோட்டாருக்கு வேற கேபிள் மாட்டிட்டங்கம்மா. தண்ணி வந்து பத்து மாசம் ஆவுது. அடுத்த போகமே வெளஞ்சி வித்தாச்சி. என் கஷ்டம் தீந்துபோச்சி. அவன் இன்னும் உள்ளயே குந்திக்கினு இருக்கானே, அது யாருக்குங்கம்மா?"

அந்த அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டினார். சிட்டாவை ஒரு தரம் படித்தார், வீரமுத்துவின் ரசீதைப் படித்தார். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்தார். அன்றைக்கு ஆகாஷை நேரில் கொண்டுவரவில்லை, வேன் இல்லையாம். ஜெயிலிலிருந்து வீடியோ மூலம் கோர்ட்டு டிவியில் அவன் முகம் தெரிந்தது, சத்தம் வரவில்லை. அவன் ஒத்துக்கொள்வதாகச் சொல்ல வாயைத் திறந்தானா என்று எனக்குத் தெரியாது. கண்ணகி பெரிதாகக் கையை ஆட்டி, வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

காகிதம் ஜெயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் விடுவார்கள் என்றார்கள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக வேலை நாளில் கடையைப் பூட்டினேன். கலையரசி, வீரமுத்து, நான் மூன்று பேரும் முதல் பஸ்ஸில் போனோம். போய்ச் சேர்ந்தால் சடையன் எங்களுக்கு முன்னால் வந்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "கையெழுத்து போட்டவன் நானு. ஆள பாத்து எண்ணி எடுத்துக்க வாணாமா?" என்றார். பொங்கல் வாங்கிக் கொடுத்தார், கலையரசி இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

ஒன்பது மணிக்குப் பெரிய கதவுக்குள் இருக்கிற சின்னக் கதவு திறந்தது. மூன்று பேர் வந்தார்கள். நாலாவதாக ஆகாஷ். பிளாஸ்டிக் கவரில் ஒரு லுங்கி, தோளெலும்பு தெரிகிற சட்டை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். கலையரசியைப் பார்த்தான், முகம் மலர்ந்தது. அடுத்து அவளுக்குப் பக்கத்தில் நின்ற சடையனைப் பார்த்தான்.

அவ்வளவுதான். முகம் வெளுத்து, இரண்டடி பின்னால் போனான். முதுகு கதவில் இடித்தது. திரும்பிக் கதவைத் தட்டினான்.

"சார், தொறங்க சார். உள்ளயே இருந்துக்கறன் சார்."

காவலுக்கு நின்றவர் திகைத்துப்போனார். "ஏய், இன்னாடா இது? போடா வெளிய!"

பதினோரு மாதத்தில் ஜெயில் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். வெளியே நிற்கிற மனிதனைவிட அந்தக் கதவு அவனுக்குப் பத்திரமாகத் தெரிந்தது.

கலையரசி ஓடினாள். "ஏங்க, ஐயாதாங்க உங்களுக்குக் கையெழுத்து போட்டாரு! ரெண்டாவது ஜாமீன் ஐயாதான்!"

அவனுக்குப் புரியவில்லை. அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். சடையன் நடந்து போய் அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். அவன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். விரல் இடுக்கெல்லாம் புண். அவர் அதைப் பார்த்தார். இரண்டு தரம் கனைத்தார்.

"கைய எறக்குடா. ஒன்னும் பண்ண மாட்டன்."

அவன் இறக்கவில்லை.

"டேய், மோட்டார் ஓடுதான்னு கேட்டியே. ஓடுதுடா. நாளைக்கு ஒம்பது மணிக்கு மூணு பேஸ் கரண்ட்டு வுடுவான். கரும்புக்குத் தண்ணி கட்டணும், எனக்கு முட்டி வலி. ஸ்டேஷன்ல கையெழுத்து போட்டுட்டு நேரா கொல்லைக்கு வந்துடு. கூலி எல்லாருக்கும் குடுக்கறதுதான், கம்மி பண்ண மாட்டன்."

"எந்த மோட்டாருங்க ஐயா?" கைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எங்கிட்ட எத்தன இருக்குது? அதே மோட்டாருதான்."

அவன் கதவோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். கவர் ஒரு பக்கம் விழுந்தது. சிறுபிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதான். சடையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயிலைத் திட்டினார்.

கலையரசி கீழே உட்கார்ந்து, இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அவன் சொறி பிடித்த கைகளால் தொடப் பயந்து முழங்கைகளால் அணைத்துக்கொண்டான். அது ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தது. தெரியாத முகம், தெரியாத வாடை. உடனே வீல் என்று கத்த ஆரம்பித்தது. கை கால் உதைத்துக் கத்தியது.

கத்தட்டும் என்று விட்டுவிட்டோம். யாரும் அவன் மடியிலிருந்து அதை வாங்கவில்லை.